முதல் மாடி ஜன்னலில் மார்கழி

வேலூர்க்காரர்கள் வெயிலைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள்; சித்திரை வந்ததும் கதவைச் சாத்தி, தரையில் தண்ணீர் தெளித்து, ஈரத் துண்டை மேலே போட்டுக்கொண்டு, யாரோ செய்த தப்புக்கு நாம் அனுபவிக்கிறோம் என்கிற முகத்தோடு படுத்துக்கிடப்பார்கள். ஆனால் சத்துவாச்சாரியில் மலையடிவாரத்தை ஒட்டிய தெருவில் இருக்கும் ஸ்ரீவத்ஸம் அடுக்ககத்தின் முதல் மாடிக்காரர் தணிகாசலம் அப்படிச் சும்மா படுத்துக்கிடக்கிற ஆள் இல்லை. அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்று, அந்தச் சூடு ஆறுவதற்குள் அடுக்ககச் சங்கத்தின் செயலாளராகிவிட்ட அவர், எந்தப் பிரச்சினையையும் ஆராய்ந்து, ஒப்பிட்டு, நாலு பேரைக் கேட்டு, ஐந்தாவது ஆளுக்கு விளக்கி, அதற்குள் பிரச்சினை தானாகவே தீர்ந்துபோனால் அதையும் தன் முடிவாக அறிவிக்கிறவர்.

போன வருடம் அவர் மனைவி கமலவேணி, வீட்டுக்கு ஓர் ஏசி வாங்கலாமா என்று கேட்டாள். கேட்டது ஒரு வரி. கிடைத்த பதில் ஒரு சாயங்காலம் முழுக்க நீண்டது. இந்த வீட்டு ஜன்னல்கள் எல்லாம் கட்டடம் கட்டின காலத்துத் தேக்கு ஜன்னல்கள், சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே பல்லி குடும்பத்தோடு போய்வருகிற அளவுக்கு இடைவெளி இருக்கிறது, இதில் ஏசி போட்டால் நாம் தெருவுக்குத்தான் குளிர் காட்டுவோம், ஆகவே முதலில் ஜன்னலை மாற்ற வேண்டும், இரட்டைக் கண்ணாடி வைத்த யுபிவிசி என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் ஜன்னல் போட்டால் கரண்ட்டும் மிச்சம், பழைய இரும்புக் கம்பியை ஜாக்கி வைத்து விலக்குகிற திருடர்களிடமிருந்து பாதுகாப்பும் நிச்சயம் என்று அவர் சொன்னார். எந்த ஜன்னல், எத்தனை கண்ணாடி, தள்ளுகிற மாதிரியா திறக்கிற மாதிரியா என்பதை மட்டும் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அதைத்தான் அவர் ஒரு வருடமாகச் செய்துகொண்டிருந்தார். கடை கடையாகப் போய் வாங்கி வந்த விளம்பரத் தாள்கள் சோபாவுக்கு அடியில் இன்னொரு சோபாவாக வளர்ந்தன.

கமலவேணி சொகுசுக்காக ஏசி கேட்கவில்லை. ஐம்பதைத் தாண்டியிருந்த அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு வருடமாக அவள் உடம்புக்குள் யாரோ அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். கரும்பலகையில் வட்டம் போட்டுக்கொண்டிருக்கும்போதே நெஞ்சிலிருந்து ஒரு தீ கிளம்பிக் கழுத்துக்கு வந்து காதுமடல் வரை ஏறும், ரவிக்கை நனைந்துவிடும், பிள்ளைகள் டீச்சர் கோபமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அமைதியாகிவிடுவார்கள். ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தது. டாக்டரம்மா, இந்த வயதில் எல்லாருக்கும் வருவதுதான், சில வருடங்களில் தானாக அடங்கிவிடும் என்று சொல்லி அனுப்பினார். கமலவேணி ஒரேயொரு முறை கணவரிடம், உடம்பு எரியுதுங்க என்றாள். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர், வேலூரில் யாருக்குத்தான் எரியவில்லை என்று கேட்டார். கேள்வி நியாயமாக இருந்ததால் அவள் அப்புறம் சொல்லவில்லை. தீ கிளம்பும்போதெல்லாம் ஹாலின் கிழக்கு ஜன்னலுக்குப் போய், இரண்டு கைகளாலும் இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, மூன்றாவது கம்பியில் கன்னத்தை வைத்து நிற்பாள். தெருவை வேடிக்கை பார்க்கிறாள் என்று வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

இந்த வருடம் கத்திரி தொடங்கிய அன்று பிற்பகல், பள்ளிக்கூடம் கோடை விடுமுறையில் இருந்த சமயம், அவள் அப்படி நின்றுகொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக மார்கழி உள்ளே வந்தது.

மார்கழி என்றால் மார்கழியேதான், குளிர்ந்த காற்று என்று சொல்லிவிட்டுப் போகிற விஷயம் இல்லை. சாணம் தெளித்த வாசலின் ஈர வாசனையும், கோலத்து நடுவில் வைத்த பூசணிப்பூவின் வாசனையும், எங்கோ ஒரு கோயிலில் விடிவதற்கு முன்னால் ஒலிபெருக்கி கரகரத்துத் தொண்டையைச் சரிசெய்துகொள்கிற சத்தமும், தரையோடு தரையாகத் தவழ்ந்து வந்து காலைச் சுற்றிக்கொள்கிற பனியும் சேர்ந்த முழு மார்கழி. கீழே தெருவில் தார் இளகிக்கொண்டிருந்தது, நுங்கு விற்கிறவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கண்ணை இடுக்கி உட்கார்ந்திருந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் சித்திரை, இந்தப் பக்கம் மார்கழி. கமலவேணியின் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது. கழுத்து வரை வந்திருந்த தீ, இருக்க இடம் இல்லாமல் வந்த வழியே இறங்கிப் போனது. அவள் கொஞ்சம் அழுதாள், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள், சாயங்காலம் வரை யாரிடமும் சொல்லாமல் அங்கேயே நின்றாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த தணிகாசலம் வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார். முதலில் ஃபேனைப் பார்த்தார். அது நின்றிருந்தது, அதில் அவருக்குத் திருப்தி. பிறகு ஜன்னலைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சட்டைக்கு மேல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்து, செயலாளர் என்ற முறையில் இதை அலச வேண்டும் என்றார்.

அவர் அலசுவதற்குள் அடுக்ககமே வந்துவிட்டது. திருட்டுத்தனமாக ஏசி வாங்கிவிட்டார்களா என்று பார்க்க வந்தவர்கள் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. மறுநாள் அவரவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டாம் மாடிப் பரந்தாமன், உடம்பில் முண்டா பனியன்கூடத் தங்காத மே மாதத்தில், மஃப்ளர் சுற்றி குரங்குக் குல்லா மாட்டி மாடிப்படி இறங்கி வந்து ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி குமுதினி படிக்கட்டுத் தளத்தில் பெரிய கோலமாகப் போட்டு, காய்கறிக்காரரிடம் சொல்லிவைத்து வாங்கிய பூசணிப்பூவை நடுவில் வைத்தாள். விடிகாலையில் பரந்தாமன் தலைமையில் ஜால்ரா தட்டி பஜனை நடந்தது. பிள்ளைகள் நடுங்கிக்கொண்டே வெண்பொங்கல் வாங்கித் தின்றார்கள். தெருமுனை டாக்டர், கத்திரியில் இத்தனை பேருக்குச் சளி எப்படிப் பிடிக்கிறது என்று கேட்டு, பதில் கிடைத்ததும் சரி என்று சொல்லி மாத்திரை எழுதினார்.

சிக்கல்களும் இருந்தன. கமலவேணி வீட்டு இட்லி மாவு பொங்க மறுத்தது. அரைத்த மாவைத் தூக்கிக்கொண்டு குமுதினி வீட்டு வெக்கையில் வைத்துப் பொங்கவைத்து எடுத்து வர வேண்டியிருந்தது. பதிலுக்குக் குமுதினி தன் வீட்டில் கருகிப்போகிற மல்லிகைப் பூவை இங்கே கொண்டுவந்து வைத்தாள். பூவும் மாவும் மாடிப்படியில் ஏறி இறங்கி, இதற்கும் ஒரு நேரம் வகுக்கலாமா என்று சங்கம் யோசிக்கிற அளவுக்குப் போனது.

ஆனால் பெரிய சிக்கல் யார் கண்ணிலும் படவில்லை. குளிரில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குச் சூடாக ஏதாவது குடிக்கத் தோன்றும். மூச்சுக்கு மூச்சு டீ, நடுவில் சுக்குக் காபி, பரந்தாமனுக்கு மட்டும் மிளகு ரசம். ஊரில் யாருக்கும் கிடைக்காத மார்கழி தன் வீட்டு ஹாலில் பாய் விரித்துப் படுத்திருக்க, கமலவேணி சமையலறையில் அடுப்புக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்தாள். ஜன்னலுக்கு நேரே முதல் வரிசையில் ஆண்கள், அவர்களுக்குப் பின்னால் பிள்ளைகள், அதற்குப் பின்னால் பூக்கூடைகள். தம்ளர்களை எடுக்கிற சாக்கில் அவள் கம்பியைத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் யாராவது, கொஞ்சம் ஒதுங்குங்க டீச்சர், காத்து வரட்டும் என்றார்கள். அந்தச் சமயங்களில் கையிலிருக்கும் டீயை அவர்கள் குல்லாவில் ஊற்றினால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது உண்மை. ஊற்றவில்லை என்பதும் உண்மை.

தணிகாசலத்துக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டில் ஒரு ஃபேன்கூடச் சுற்றவில்லை, மீட்டர் தூங்குகிறது என்று தெரு முழுக்கச் சொன்னார். பிறகு ஒருநாள் மீட்டரைப் பார்க்கப் போனவர் முகம் வாடித் திரும்பினார். குளிருக்குப் பயந்து வீட்டில் எல்லாரும், போதாததற்குப் பஜனைக்காரர்களும், ஹீட்டர் போட்டு வெந்நீரில் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஃபேனில் மிச்சமானது ஹீட்டரில் போய்க்கொண்டிருந்தது. அதோடு, பனியில் ஊறின தேக்குக் கதவுகள் உப்பிக்கொண்டு சட்டத்தில் உட்கார மறுத்ததால் அந்த ஜன்னலைச் சாத்தவும் முடியவில்லை.

சாத்த முடியாத ஜன்னல் இருப்பது தெருவுக்கே தெரிந்த பிறகு திருடனுக்கு மட்டும் தெரியாமல் இருக்குமா? ஒரு காலையில் எழுந்து பார்த்தால் இரண்டு கம்பிகள் விலகியிருந்தன. கீழ்வீட்டு சன்ஷேடில் ஏறி, ஜாக்கி வைத்து விலக்கி, உள்ளே வந்திருக்கிறான். பீரோவில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது, அதற்குள் மகள் மேகலாவின் கல்யாணத்துக்கு என்று சேர்த்த நகை அத்தனையும் இருந்தது. அவன் அதைத் தொடவே இல்லை. கத்திரிக்குத் தகுந்தபடி வெறும் லுங்கியோடு வந்தவன், மார்கழியைக் கொஞ்சமும் எதிர்பார்த்திருக்கமாட்டான். ஒரு கம்பளி, தணிகாசலத்தின் ஸ்வெட்டர், பரந்தாமன் மறந்து வைத்துவிட்டுப் போன குரங்குக் குல்லா, இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். புகாரை வாங்கிய போலீஸ்காரர் களவுபோன பொருளின் பெயரை இரண்டு முறை கேட்டார்.

கம்பியைப் பழையபடி நிமிர்த்தியாயிற்று. ஆனால் தணிகாசலத்துக்கு இப்போது இரண்டு காரணங்களும் கிடைத்துவிட்டன. மின்சிக்கனத்துக்கும் ஜன்னலை மாற்ற வேண்டும், பாதுகாப்புக்கும் மாற்ற வேண்டும். ஜன்னல் கம்பெனியிலிருந்து ஜோயல் என்கிற இளைஞர் அளவெடுக்க வந்தார். டேப்பை நீட்டும்போது கை விறைத்தது. கையைக் கம்பிக்கு வெளியே நீட்டிக் காயவைத்துக்கொண்டு மறுபடி உள்ளே இழுத்து அளந்தார்.

"சார், எங்க ஜன்னல் வெயிலைத் தடுக்கும், சத்தத்தைத் தடுக்கும், திருடனைத் தடுக்கும்," என்றார். "மாசத்தைத் தடுக்குமான்னு மட்டும் கம்பெனியில கேட்டுச் சொல்றேன்."

இந்த ஒரு விஷயம் தெரியாததால் தணிகாசலம் மறுபடி அலச ஆரம்பித்தார். அவர் அலசுகிற வரைக்கும் ஜன்னலுக்கு ஆபத்தில்லை என்று கமலவேணி நிம்மதியாக இருந்தாள். அந்த நிம்மதி வைகாசியில் போனது.

மேகலாவுக்கு ஒரு பையனைப் பிடித்திருந்தது. கூட வேலை பார்க்கிறவன், ஆற்காட்டுக்காரன், பெயர் இளம்பரிதி. இரண்டு வீட்டிலும் கொஞ்சநாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, பிறகு ஜாதகம் பொருந்துகிறது என்று ஒருவர் கண்டுபிடித்ததும் அதுவே தங்கள் யோசனை என்கிற மாதிரி எல்லாரும் பேச ஆரம்பித்திருந்தார்கள். ஆனிக்குள் தட்டு மாற்றிவிட்டால் ஆவணியில் கல்யாணம். விட்டால் ஆடி வந்துவிடும், அப்புறம் பேச்சும் ஆறிப்போகும். நல்ல நாள் பார்த்துப் பையன் வீட்டார் மக்கன்பேடா இனிப்பு டப்பாக்களோடு வந்து இறங்கினார்கள். பையனின் அம்மா ராஜலோசனி ஆற்காட்டில் கண்டிப்புக்குப் பேர்போனவர். படிக்கட்டுத் தளத்தில் பூசணிப்பூக் கோலத்தைத் தாண்டி வந்து, ஜன்னலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பனி அவர் காலைச் சுற்றியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக மூச்சுவிட்டார். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"அப்பாடா," என்றார் ராஜலோசனி, "மார்கழி."

அந்த வார்த்தை வெளியே வந்ததுதான் தாமதம், கூட வந்த பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மார்கழியில் நல்ல காரியம் பேசக்கூடாதே என்று ஒரு சித்தப்பா சொன்னார். தணிகாசலம் சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றிக் கொண்டுவந்து வைகாசியைக் காட்டினார். சித்தப்பா தன் முழங்கையில் சிலிர்த்து நின்ற ரோமத்தைக் காட்டினார். ஊருக்கு வைகாசியாக இருக்கலாம், பெண் படி தாண்டிப் புறப்படப்போகிற வீட்டில் என்ன மாதம் நடக்கிறது என்பதுதானே கணக்கு என்று ஓர் அத்தை கேட்டார். வேறு இடத்தில் வைத்துப் பேசலாம் என்றால், பெண்ணை மார்கழியிலிருந்துதானே கூட்டிப்போக வேண்டும் என்றார்கள். விடிகாலை பஜனை நடத்துகிற பரந்தாமன் மார்கழி இல்லை என்று எப்படிச் சொல்வார்? கடைசியில் எல்லாரும் ராஜலோசனியைப் பார்த்தார்கள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், இதைச் சரிபண்ணிட்டுச் சொல்லி அனுப்புங்க என்று எழுந்துகொண்டார். மக்கன்பேடா டப்பாக்கள் திறக்கப்படாமலே ஆற்காட்டுக்குத் திரும்பின.

அன்று சாயங்காலமே தணிகாசலம் ஜோயலுக்கு போன் போட்டு ஆர்டர் கொடுத்துவிட்டார். ஒரு வருடமாக எடுத்த முடிவு ஒரு நிமிடத்தில் முடிந்தது. மேகலா அம்மாவிடம் வந்து, உனக்குச் சரிதானேம்மா என்று கேட்டாள். சரிதான் என்றாள் கமலவேணி. மகள் போன பிறகு அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. பெற்ற பெண்ணின் கல்யாணத்தைவிட ஒரு ஜன்னலா பெரிது என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். பெரிதில்லை என்றுதான் மனசு சொன்னது, ஆனால் அதைச் சொல்லும்போதே நெஞ்சில் தீ மூண்டு கழுத்துக்கு ஏறியது. துக்கமாக இருந்தது.

அக்கம்பக்கத்தார் குற்ற உணர்ச்சியில் சில நாள் வராமல் இருந்தார்கள். ஜால்ராவும் ஓய்ந்தது. அந்த நாட்களில் ஒரு மத்தியானம், தணிகாசலம் ஜன்னல் கம்பெனிக்குப் போயிருந்த நேரம், அழைப்பு மணி அடித்தது. வாசலில் ராஜலோசனி தனியாக நின்றார். ஆற்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். முகம் சிவந்து, முந்தானை நனைந்து, நின்ற இடத்தில் வியர்வை சொட்டியது. ரவிக்கை அளவு கேட்க வந்தேன் என்று ஆரம்பித்தவர் அதை முடிக்காமலே கமலவேணியைத் தாண்டி நடந்து, கிழக்கு ஜன்னலுக்குப் போய், இரண்டு கைகளாலும் இரண்டு கம்பிகளைப் பிடித்து, மூன்றாவது கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டார்.

அந்தப் பிடி கமலவேணிக்குத் தெரிந்த பிடி. அவள் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டாள்.

"ரெண்டு வருசமா," என்றார் ராஜலோசனி, கண்ணைத் திறக்காமல். "எரிஞ்சிகினே இருக்குதும்மா. வீட்ல சொன்னா ஏசியைப் போட்டுக்கோன்றாங்க. வெளிய எரியுதா உள்ள எரியுதான்னு யாருமே கேக்கல. அன்னிக்கு இங்க வந்து உக்காந்தேன் பாரு, ரெண்டு வருசத்துல அன்னிக்குத்தான் அடங்கிச்சு. அந்த சுகத்துலதான் மார்கழின்னு சொல்லிட்டேன். வேற ஒண்ணும் நெனச்சு சொல்லல."

"அப்ப அதை அங்கேயே சொல்லியிருக்கலாமே."

"இன்னான்னு சொல்றது? அத்தனை ஆம்பளைங்க முன்னாடி எனக்கு உடம்பு எரியுதுன்னா? பெரியவங்க புடிச்சிகினாங்க. நான் சொன்ன சொல்ல நானே முழுங்க முடியுமா?"

கமலவேணி யோசித்தாள். இருபத்தெட்டு வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். விடை வராத இடத்தில் கேள்வியைத் திரும்பப் படிக்கப் பழகியவள். சொல்லை முழுங்க வேண்டாம், அடுத்த சொல்லைச் சேர்த்தால் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. மார்கழி முடிந்தால் என்ன மாதம் என்று கேட்டாள். தை என்றார் ராஜலோசனி. தையில் கல்யாணம் பேசலாமா என்று கேட்டாள். ராஜலோசனி கண்ணைத் திறந்தார்.

"தைலயும் பனி உண்டு," என்றாள் கமலவேணி.

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு ராஜலோசனி சிரிப்பை நிறுத்தி, மாதம் நகர ஆரம்பித்துவிட்டால் தைக்கு அப்புறம் மாசி வரும், பங்குனி வரும், இந்தக் குளிர் கையில் நிற்காதே என்றார். அது கமலவேணிக்கும் தெரிந்திருந்தது. நிற்கிற மார்கழியை நகர்த்திவிட்டால் திரும்ப நிறுத்த அவளால் முடியாது. பெண்ணுக்கு வாழ்க்கை ஆரம்பிக்கட்டும், தை, மாசி, பாதிப் பங்குனி என்று மிச்சமிருக்கிற இரண்டரை மாதக் குளிர் எனக்குப் போதும் என்றாள். அப்படிச் சொன்னபோது அவளுக்கு வலித்தது, ஆனாலும் அது பொய்யில்லை. சாயங்காலம் வரை இருவரும் ஒரே ஜன்னலில் ஆளுக்குப் பாதியாக நின்றார்கள். டீ யாரும் போடவில்லை.

ஆற்காட்டிலிருந்து முறைப்படி தகவல் வந்தது: ஜன்னலை மாற்றுவது உங்கள் விருப்பம், ஆனால் மாதத்தைப் பாதியில் பிடுங்கிப் போடுவது குடும்பத்துக்கு ஆகாது, முறையாகப் போகி கொளுத்திப் பொங்கல் வைத்து வழியனுப்புங்கள், தை பிறந்ததும் தட்டு மாற்றிக்கொள்ளலாம். சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் இதில் ஒரு குறையும் தெரியவில்லை; தாங்களே சொன்ன மாதிரிதான் இருந்தது.

ஆக, வைகாசி வெயிலில் ஸ்ரீவத்ஸம் அடுக்ககம் பொங்கல் கொண்டாடியது. கரும்புக்கு எங்கே போவது என்று திகைத்து, ஜூஸ் வண்டிக்காரரிடம் பிழியாத கழிகளாகக் கேட்டு வாங்கினார்கள். மஞ்சள் கொத்து கிடைக்காததால் மருதாணிக் கிளையைக் கட்டினார்கள். போகிக்குப் பழையதை எரிக்க வேண்டுமே என்று பரந்தாமன் ஜன்னலையே ஒரு மாதிரி பார்க்க, கமலவேணி குனிந்து சோபாவுக்கு அடியிலிருந்து விளம்பரத் தாள்களை அள்ளிக் கொடுத்தாள். ஒரு வருட ஆராய்ச்சி நன்றாக எரிந்தது. மறுநாள் ஹாலில் ஜன்னலுக்கு நேராக காஸ் அடுப்பை இழுத்துவைத்துப் பானையை ஏற்றினார்கள். பால் பொங்கி வழிந்தபோது மூன்று மாடியும் சேர்ந்து பொங்கலோ பொங்கல் என்று கத்தியது. பனி கொஞ்சம் விலகி, கம்பிகளுக்கு நடுவே இளவெயில் ஒரு கோடாக உள்ளே விழுந்து, அறுத்த வைக்கோல் வாசனை வந்தது. தை பிறந்துவிட்டதை எல்லாருமே பார்த்தார்கள். ராஜலோசனி ஜன்னலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தே தட்டு மாற்றினார். மேகலா சிரித்த சிரிப்பைப் பார்த்து, செய்தது சரிதான் என்று கமலவேணிக்கு மனசு நிறைந்தது.

அடுத்த வாரம் ஜோயல் இரண்டு ஆட்களோடு புது ஜன்னலைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிளாஸ்டிக் தாள் சுற்றி, வெள்ளை வெளேர் என்று, யாரும் இன்னும் தொடாத பொருளுக்கே உரிய மிடுக்கோடு அது ஹாலில் சாய்ந்து நின்றது. வேடிக்கை பார்க்க அடுக்ககம் திரும்பவும் கூடிவிட்டது. ஆர்டர் கொடுத்தாயிற்று, ஹீட்டர் கரண்ட் ஏறுகிறது, திருடன் வழி கண்டுவிட்டான், இனிமேல் பனியும் குறையத்தான் போகிறது என்று தணிகாசலம் காரணங்களை விளக்கினார். பரந்தாமன் கடைசியாகக் கொஞ்சம் குளிரை வாங்கிக்கொள்ளத் தன் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டார். ஆள் ஒருவர் தேக்குச் சட்டத்தில் உளியை வைத்தார்.

கமலவேணி சமையலறையிலிருந்து வந்தாள். உளிக்கும் சட்டத்துக்கும் நடுவே புகுந்து கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அதுல கை வைக்காதீங்கப்பா," என்றாள்.

"கமலா, முடிவு பண்ணியாச்சு," என்றார் தணிகாசலம்.

"எனக்கு உடம்பு எரியுதுங்க," என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை, வகுப்பின் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். "ஒரு வருசமா எரியுது. நீங்க ஜன்னலை அலசிக்கிட்டிருந்த அத்தனை நாளும் நான் இந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னேன்."

ஹாலில் யார் எங்கே பார்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போது வாசற்படியில் மாவுப் பாத்திரத்தோடு நின்ற குமுதினி, எனக்கும்தான் என்றாள். அவளுக்குப் பின்னால் மூன்றாம் மாடியிலிருந்து வந்திருந்த ஒருத்தி, எனக்கும் என்றாள். கீழ்வீட்டு அம்மாள் முந்தானையால் கழுத்தை ஒற்றிக்கொண்டார். பரந்தாமன் திரும்பி மனைவியைப் பார்த்தார். கழுத்திலிருந்த மஃப்ளரை மெதுவாக அவிழ்த்தார், நாற்காலியை விட்டு எழுந்தார், எழுந்த பிறகு எங்கே போவது என்று தெரியாமல் நின்றார். அவரைப் பார்த்து மற்ற ஆண்களும் எழுந்து நின்றார்கள்.

தணிகாசலம் கமலவேணியின் முகத்தைப் பார்த்தார். அவள் இடது கன்னத்தில் மேலிருந்து கீழாக ஒரு தடம் பதிந்திருந்தது. ஒரு வருடமாக அவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தலையணை மடிப்பு என்று நினைத்திருந்தார். இப்போது அந்தத் தடத்தையும் அவள் பக்கத்தில் இருந்த கம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். வேலூரில் யாருக்குத்தான் எரியவில்லை என்று தான் கேட்டது அவருக்கு ஞாபகம் வந்தது.

ஜோயலுக்கு அடுத்த வீட்டில் வேலை இருந்தது. ஆட்கள் உளியோடு காத்திருந்தார்கள். புது ஜன்னலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவர், "இதை என்ன சார் பண்றது? மாத்தணுமா, வேண்டாமா, வேற ரூம்ல போடணுமா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியலப்பா," என்றார் தணிகாசலம். அந்த அடுக்ககத்தில் அவர் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. "அம்மாவைக் கேளு."

எல்லாரும் கமலவேணியைப் பார்த்தார்கள். அவள் அவசரப்படவில்லை. கம்பியிலிருந்து கையை எடுத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, இத்தனை வருடம் குடியிருந்த வீட்டை முதல் தடவையாகப் பார்க்கிறவள் மாதிரி புது ஜன்னலை எங்கே வைக்கலாம் என்று ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அதுவரை அத்தனை பேரும் நின்றுகொண்டே காத்திருந்தார்கள்.